பெருச்சாளிப் பாட்டு

பல வருஷம் கழித்து நான் மறுபடியும் ஒன்றாம் வகுப்புக்கு வேலைக்கு வந்த அன்று, பெரிய வாத்தியார் என் உத்தரவுக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு அதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. அதில்தான் அவருக்குச் சந்தேகம் கூடியது போலிருந்தது.

"எதுக்கும்மா வந்தீக?" என்றார்.

"வேலை பார்க்கத்தான் சார்."

"அது தெரியுது. இத்தனை பள்ளிக்கூடம் இருக்க, இங்கன எதுக்கு?"

இது என் கணவரின் சொந்த ஊர், இங்கே எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பிய ஆட்டம் இல்லை அது.

உள்ளதைச் சொன்னால் விஷயம் மிகச் சின்னது. கல்யாணத்துக்கு முன் மதுரையில் டிரெயினிங் முடித்து, போடியில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றில் சில வருஷம் வேலை பார்த்தேன். கல்யாணமானதும் விட்டுவிட்டேன். என் கணவர் மலைமேல் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. வருஷா வருஷம் மலைக்காய்ச்சல் வந்து வந்து போய், கடைசியில் மண்ணீரல் வீங்கி, இனிமேல் மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழே இறங்கி, தேவாரத்துக்கும் பண்ணைப்புரத்துக்கும் நடுவில் இருக்கும் அவருடைய ஊருக்கு வந்தோம். நான் ஜில்லா போர்டுக்கு மனுப் போட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் யுத்த காலத்தில் நேரான காரணத்தை யாரும் நம்பவில்லை. முந்தின வருஷம் தந்திக் கம்பிகள் அறுபட்டு, போலீஸ் ஊர் ஊராக வந்துபோனதிலிருந்து, புதிதாக யார் வந்தாலும் 'இவர் யாருடைய ஆள்' என்ற கேள்விதான் முதலில் எழும். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் தன்னை வேவு பார்க்க அனுப்பிய ஆள் நான் என்று பெரிய வாத்தியார் நினைத்தார். அவர் வாரத்தில் பாதி நாள் தாமதமாக வருகிறவர். தோட்டத்தில் என் கணவர் எதையோ கையாடிவிட்டு ஓடிவந்திருக்கிறார் என்று தெரு நினைத்தது. குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனால் குடம் நிறைகிறவரை பேச்சு நின்றுவிடும்.

வகுப்பில் மட்டும்தான் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அங்கே வேறு கஷ்டம். காகிதம் கிடையாது. சிலேட்டுகள் பாதி உடைந்தவை. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில் என் பொறுப்பு. மற்ற மூன்று வகுப்பும் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய வாத்தியாரிடம். மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொல்வேன். எழுதுவார்கள். மறுநாள் கேட்டால் ஒரு எழுத்தும் இருக்காது. வேலையை விட்டிருந்த வருஷங்களில் என் தொண்டையும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மத்தியானத்துக்குள் குரல் கம்மிவிடும்.

பாட்டுகள் அதனால்தான் வந்தன. வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கண்மாய்க் கரை வழியாக நடக்க வேண்டும். நடக்கும்போது ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை வாய்க்குள் போட்டு உருட்டுவேன். முதலில் வந்தது குடைப் பாட்டு. 'கு' சொல்லிக்கொடுக்க.

*குடைக்குக் காது இருந்தா*
*குளிருதுன்னு கேட்குமா?*
*குடைக்குக் காலு இருந்தா*
*குளத்துப் பக்கம் ஓடுமா?*
*குடைக்கு வாயி இருந்தா*
*குட்டு எல்லாம் சொல்லுமா?*

பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். 'கு' வரும்போதெல்லாம் தங்கள் தலையில் தாங்களே குட்டிக்கொள்வது அவர்களாகச் சேர்த்தது. வாரம் முடிவதற்குள் வகுப்பில் ஏறக்குறைய எல்லோருக்கும் 'கு' எழுத வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். அவருடைய குடை நாற்காலியின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரில் குடை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதை நான் அதுவரை யோசிக்கவே இல்லை.

"என்ன குட்டும்மா அது? என் குடைக்கு என்ன குட்டுத் தெரியும்?"

"சார், அது எழுத்துச் சொல்லிக் கொடுக்க."

"எழுத்துக்குக் குதிரை இருக்கு, குருவி இருக்கு. குடைதான் கெடைச்சுச்சா?"

மறுவாரம் குருவிக்குப் பாட்டுக் கட்டினேன். அவர் அப்போதும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தன் வகுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துச் சத்தம் திடீரென்று அடங்கும்போது எனக்குத் தெரிந்துவிடும்.

பெற்றவர்களும் வந்தார்கள். "எம் மகனைப் படிக்கத்தான் அனுப்புனேன் டீச்சரம்மா. கூத்தாடவா அனுப்புனேன்?" என்று ஒரு தகப்பன் வாசலில் நின்று சண்டை போட்டார். அவருடைய மகனைக் கூப்பிட்டு மணலில் எழுதச் சொன்னேன். பையன் பாடிக்கொண்டே எழுதினான். தகப்பனுக்கு எழுத்துத் தெரியாது. மகன் எழுதியதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் எழுதுறானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதையும் நம்பாமல் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பெரிய வாத்தியாரைக் கூட்டிவந்து காட்டினார். பெரிய வாத்தியாருக்கு ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை.

அந்த வருஷம் ஆடி பிறந்ததிலிருந்தே நெல் சுருங்கிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கம் கண்மாய்ப் பாசனம். தையில் ஒரு அறுப்பு, அத்தோடு சரி. அரிசிக்குக் கன்ட்ரோல் வந்து, கடையில் புழுங்கலும் கல்லும் கலந்து கொடுத்தார்கள். ஐப்பசி வாக்கில் அதுவும் கிடைக்கவில்லை. மெட்டு என்கிற மலைக் கணவாய் ஏறி அந்தப் பக்கம் மலையாளத்துக்குப் போனால் நெல்லுக்கு எத்தனையோ மடங்கு விலை என்று பேச்சு. யார் ஏற்றுகிறார்கள் என்று மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளைகள் காலையில் கம்பங்கூழோ வெறும் நீராகாரமோ குடித்துவிட்டு வந்து, உச்சிவேளைக்கு முன்னாலேயே மணலில் தலை சாய்த்துத் தூங்கினார்கள்.

வகுப்பின் மூலையில் ஒரு பெருச்சாளி வளை தோண்டியிருந்தது. தினமும் காலையில் வந்து பார்த்தால் நாங்கள் எழுத வைத்திருந்த மணலோடு செம்மண்ணும் கலந்து கிடக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். தூங்குகிறவர்களை எழுப்ப அதுவே எனக்கு வழியாயிற்று.

*பெருச்சாளி பெருச்சாளி*
*பெரிய வயிறு பெருச்சாளி*
*பகலில் எல்லாம் தூங்குமாம்*
*பசிக்குதுன்னு ஏங்குமாம்*
*பொந்துக் குள்ளே நெல்லாம்*
*போயிக் கேட்டா இல்லையாம்!*

இதற்கு மேல் நான் எழுதவில்லை. மிச்சத்தை நீங்கள் கட்டிக்கொண்டு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் விட்டேன். மறுநாள் ஆளுக்கொரு அடி வந்தது. பெருச்சாளிக்குக் கல்யாணம், பூனை மேளம் அடித்தது என்று ஒன்று. பெருச்சாளி பள்ளிக்கூடம் வந்து பெயிலாகிப் போனது என்று ஒன்று. பாதிக்கு மேல் தாளம் தட்டாது. தட்டாததையும் சேர்த்தே பாடினோம்.

இரண்டாம் வகுப்பில் நெல் மண்டிக்காரருடைய மகள் இருந்தாள். ஊரில் பெரிய வீடு அவர்களுடையது. பள்ளிக்கூடம் நடந்த கட்டிடமும் அவருடையதுதான், போர்டுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அந்தப் பிள்ளை அதிகம் பேசாது. எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய சடையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவள் எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னாள்:

*மாடு தின்னும் படப்பெல்லாம்*
*மாசா மாசம் தேயுமாம்*
*பெருச்சாளி வீட்டுப் படப்பு மட்டும்*
*ஐப்பசியிலும் கொழுக்குமாம்!*

வகுப்பு கைதட்டியது. எனக்கு மட்டும் உள்ளே ஏதோ இடித்தது. தையில் வைக்கோலை அடுக்கிப் படப்பு மேய்ந்தால் மாதாமாதம் கரையத்தான் செய்யும், ஐப்பசியில் எல்லா வீட்டு மாட்டுக் கொட்டத்திலும் தரையோடு தரையாகத்தான் கிடக்கும். அந்த அர்த்தம் என்னை இடிக்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் அடிகள் நொண்டும்போது இது மட்டும் நொண்டாமல் நடந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த நடை வராது.

"நீயே கட்டுனியாத்தா?" என்றேன்.

சடையின் நுனியைக் கடித்தாள். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

பாட்டு பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே போக ஒரு நாள் கூட ஆகவில்லை. மாடு மேய்க்கிறவர்கள் பாடினார்கள். களையெடுக்கிற பெண்கள் பாடினார்கள். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கவனித்தேன், பெரியவர்கள் முதல் ஆறு அடியைச் சும்மா பாடிவிட்டுப் போகிறார்கள். படப்பு வரும்போது குரலைத் தாழ்த்தி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் கட்டிலில் சாய்ந்திருந்த என் கணவர்தான் முதலில் கேட்டார்.

"இங்கேரு, அந்தப் படப்புப் பாட்டு யார் கட்டுனது?"

"இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று."

"யாரு பிள்ளை?"

சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் போறப்ப கரை வழியாப் போகாத. மண்டிக்காரர் கொட்டத்துப் பக்கமாப் போயிட்டு வா. வந்து சொல்லு" என்றார்.

போனேன். கொட்டத்தில் மூன்று ஜோடி மாடுகள். அவற்றுக்குப் பின்னால் படப்பு, தையில் மேய்ந்தபடியே, வீட்டுக் கூரை உயரத்துக்கு நின்றது. ஒரு பக்கம்கூடப் பிடுங்கிய அடையாளம் இல்லை. மாடுகளுக்கு முன்னால் கிடந்தது சோளத்தட்டை. வைக்கோல் அவ்வளவு இருக்கும்போது தட்டையை ஏன் விலைக்கு வாங்கிப் போட வேண்டும்? வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த காவல்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கிருந்து நடந்து வகுப்புக்கு வந்துசேர்வதற்குள் முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

அன்றைக்கே அந்தப் பாட்டை நிறுத்தினேன். 'மயில் பாட்டு ஒன்று கட்டியிருக்கிறேன், அதைப் பாடுவோம்' என்றேன். பிள்ளைகள் மயில் பாட்டையும் பாடினார்கள். வெளியே போனதும் பெருச்சாளியைத்தான் பாடினார்கள். டீச்சரே நிறுத்தச் சொன்னார் என்பதில் பெரியவர்களுக்கும் ஒரு சேதி கிடைத்துவிட்டது.

கார்த்திகை பிறந்து சில நாளில், கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் சப்ளை தாசில்தார் இரண்டு சிப்பந்திகளோடும் ஒரு போலீஸ்காரரோடும் வந்து இறங்கினார். மண்டியைப் பார்க்கவில்லை. வீட்டையும் பார்க்கவில்லை. நேரே கொட்டத்துக்குப் போனார். நீளமான இரும்புக் கம்பியைப் படப்புக்குள் செருகினார்கள். முதல் குத்திலேயே கம்பி நின்றுவிட்டது. உருவியபோது முனையில் நெல் ஒட்டியிருந்தது. வைக்கோலைச் சரித்துத் தள்ள, உள்ளே மூட்டைகள் சுவர் மாதிரி அடுக்கியிருந்தன.

நான் இதைப் பார்க்கவில்லை. வகுப்பில் இருந்தேன். பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும். அப்போது முன்வரிசையில் அந்தப் பிள்ளை சிலேட்டில் மயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நெல்லைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரேயே வைத்துக் கன்ட்ரோல் விலைக்கு அளந்தார்கள். ஊரே ஓலைப்பெட்டியும் சாக்குமாக வரிசையில் நின்றது. நானும் நின்றேன். இனிமேலாவது என்னை நல்லவிதமாகப் பார்ப்பார்கள் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. என் முன்னால் நின்ற பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தனக்கு முன்னால் நின்றவளிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"பேச்சைக் குறைச்சுக்கடி. பின்னால டீச்சரம்மா நிக்கிறாக."

நெல் வாங்கிக்கொண்டு போகிறவர்களே அப்படிப் பேசினார்கள். அவர்களுக்கு நெல் வேண்டும். காட்டிக்கொடுக்கிறவள் வேண்டாம். எந்த வீட்டில்தான் கொஞ்சம் ஒளித்துவைக்கவில்லை? நெல் கொட்டும் குலுக்கையின் அடியில் ஒரு மரக்கால், பரண்மேல் ஒரு பானை என்று எல்லோரிடமும் இருந்தது. இன்றைக்கு மண்டிக்காரர், நாளைக்கு நாம் என்று நினைத்தார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் பிள்ளைகள் குறைந்தார்கள். வந்த பிள்ளைகளிடம் "ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்று நான் வழக்கம்போல் கேட்டால், "அம்மா சொல்லக் கூடாதுன்னாக" என்றார்கள்.

மண்டிக்காரர் சில நாள் வெளியே வரவில்லை. ஒரு நாள் காலை, பெரிய வாத்தியார் பின்னால் வர, என் வகுப்புக்குள் நேராக நுழைந்தார். அவர் ஒல்லியான மனிதர். கன்னம் ஒட்டி, வயிறு முதுகோடு சேர்ந்திருக்கும்.

"டீச்சரம்மா, எனக்கு எங்கன இருக்கு தொந்தி?" என்றார். 

பிள்ளைகளில் ஒன்றிரண்டு சிரித்துவிட்டன. அவர் சிரிக்கவில்லை.

"பாட்டு உங்களது. அது ஊருக்கே தெரியும். அந்தப் படப்பு மட்டும் உங்களதில்லை. உங்க வீட்ல மாடே இல்லை, உங்களுக்குப் படப்பைப் பத்தி என்ன தெரியும்? யாரோ பிள்ளை சொல்லியிருக்கு. எந்தப் பிள்ளைன்னு மட்டும் சொல்லுங்க. நான் அவுக அப்பன்கிட்டப் பேசிக்கிறேன்."

நான் வாயைத் திறக்குமுன் அவர் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். தன் மகளைத் தாண்டிக் கண் போய்விட்டது. அவள்மேல் சந்தேகம் வரும் என்று அவருக்குக் கனவிலும் தோன்றாது. கண் போய் நின்ற இடம், கடைசி வரிசையில் அவருடைய பண்ணையாளின் மகன்.

"ஏலே, எந்திரி. உங்கப்பன்தானே படப்பு மேஞ்சான்? நீதானே சொன்ன?"

பையன் எழுந்தான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அழுவதே ஒப்புக்கொண்டது போலாகிவிடுமே என்று எனக்குப் பதறியது. அந்தக் குடும்பம் பரம்பரையாக அவரிடம் வேலை பார்ப்பது. குடியிருக்கும் குடிசையும் அவருடைய இடம். முன்வரிசையில் அந்தப் பிள்ளை சடையின் நுனியைக் கடித்துக்கொண்டு, வாயைத் திறக்கப்போவது போல மூச்சை இழுத்தாள்.

"அது என் வரிதான்" என்றேன்.

"என்ன?"

"நான்தான் கட்டினேன். 'மா' சொல்லிக்கொடுக்க. மாடு, மாசம் என்று வரவேண்டும். அதற்காக எழுதியது. உங்கள் படப்பை நான் நினைக்கவில்லை."

"நெனைக்காமலா என் கொட்டத்துப் பக்கம் வந்து நின்னு பார்த்துட்டுப் போனீக? காவக்காரன் சொன்னான்."

நான் கீழே மணலைப் பார்த்தேன். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. பையனை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு பெரிய வாத்தியாரிடம், "கட்டிடம் வேணும்னா இவுக இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

பெரிய வாத்தியார் வாசலிலேயே நின்றார். "நான் அப்பவே கேட்டேன், எதுக்கு இங்கன வந்தீகன்னு" என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. நான் இன்ஸ்பெக்டரின் ஆள் இல்லை, சப்ளை தாசில்தாரின் ஆள் என்று அவருக்குத் தெளிவாகிவிட்டது.

தேவாரத்துக்கு மாற்றல் வந்தது. இதற்காக யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தாசில்தாருக்குச் சேதி சொன்னது யார் என்பதும் தெரியவில்லை. பெரிய வாத்தியாரே சொல்லியிருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றும். காவல்காரராக இருக்கலாம் என்று மறுநாள் தோன்றும். போட்டிக்கு மண்டி வைத்திருந்த இன்னொருவரை என் கணவர் சந்தேகப்பட்டார். ஊர் முழுக்க என்னைச் சந்தேகப்பட, நான் ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

கடைசி நாள் சாயங்காலம். பிள்ளைகள் போய்விட்டார்கள். மணலைக் கூட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தெரிந்தது. மண்டிக்காரருடைய மனைவி. வீட்டுப் பெண் தெருவில் தனியாக நடந்து வருகிற வீடு இல்லை அது. உள்ளே வந்து, நான் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவுககிட்ட என்ன சொன்னீக?" என்றாள்.

"அதுதான் ஊருக்கே தெரியுமே. என் வரி என்று சொன்னேன்."

"அதுக்குப் பெறகு? வேற யார்கிட்டயாவது? பெரிய வாத்தியார்கிட்ட? உங்க வீட்ல?"

"எதற்கு இப்படிக் கேட்கிறீர்கள்?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் எதையாவது மறைக்கிறேனா என்று தேடுகிற பார்வை. பிறகு, "பாப்பா அதை எங்கிட்டக் கேட்டுத்தான் சொல்லுச்சு" என்றாள்.

எனக்குப் புரிந்தது. அந்த நடை ஏன் நொண்டவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

"நீங்களா கட்டினீர்கள்?"

"எங்க ஊர்ல கும்மிப் பாட்டெல்லாம் நான்தான் கட்டுவேன். எழுதப் படிக்கத் தெரியாது. வாயால கட்டுவேன். இங்கன வாக்கப்பட்டு வந்த பெறகு அவுகளுக்குப் பிடிக்காதுன்னு விட்டுட்டேன். பாப்பா வந்து, 'அம்மா, டீச்சர் பாட்டுக் கட்டிட்டு வரச் சொன்னாக'ன்னுச்சு. சொல்லிக் குடுத்தேன்."

"தெரிந்தேவா?"

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். யாரும் இல்லை.

"பாப்பா பெறந்தப்ப எனக்குச் சன்னி கண்டு படுத்துட்டேன். பால் குடுக்க முடியலை. எங்க வயல்ல நடவு நடுற ஒருத்தி, அவளுக்கும் கைப்பிள்ளை. எம் பிள்ளைக்கும் சேத்து அவதான் பால் குடுத்தா. புரட்டாசியில அவ வந்து எங்க கொல்லைப்புறம் நின்னா. ரெண்டு படி நெல்லு கேட்டா. 'வீட்ல மணி நெல்லு கெடையாது'ன்னு அவுக சொன்னாக. அவ என்னைப் பார்த்தா. நானும் இல்லைன்னுதான் சொன்னேன். அந்த வாரம்தான் எங்க நெல்லு கழுதைப் பொதியா மெட்டு ஏறுச்சு."



"ஊரு சிரிச்சா வெக்கப்பட்டு எடுத்துக் குடுப்பாகன்னு நெனைச்சேன். ஆபீசர் வருவாகன்னு நெனைக்கலை. சத்தியமா நான் சொல்லியனுப்பலை" என்றாள். பிறகு, "நீங்க சொல்லியனுப்புனீகளா?" என்றாள்.

"இல்லை."

அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அவள் சொன்னதை நானும் முழுதாக நம்பினேனா என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. என் பாட்டுக்குள், என் வகுப்புக்குள், ஒரு குழந்தையின் வாய்க்குள் ஒளித்துவைத்து அனுப்பியிருக்கிறாள். அடி விழுந்திருந்தால் அந்தப் பண்ணையாள் பிள்ளைமேல் அல்லவா விழுந்திருக்கும்? இதைச் சொன்னேன். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"பாப்பா வீட்டுக்கு வந்து சொல்லுச்சு, டீச்சர் தன்னதுன்னு சொல்லிட்டாகன்னு. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலை" என்றாள்.

"பால் கொடுத்தவள் எப்படி இருக்கிறாள்?"

"பிள்ளையக் கூட்டிக்கிட்டு அவ அண்ணன் ஊருக்குப் போயிட்டா. சுருளிப்பட்டிப் பக்கம். அளந்த நெல்லை வாங்க அவ இங்கன இல்லை."

போகும்போது வாசற்படியில் நின்று, "அந்தக் கொழுக்குமாம்ங்கிறது சரியா வந்துச்சா?" என்று கேட்டாள். முதல் தடவையாக அவள் முகத்தில் பயம் இல்லை. சரியாக வந்தது, பாட்டிலேயே நல்ல வார்த்தை அதுதான் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். என்னுடைய ஆறு அடியை ஊர் மறந்துவிட்டது. அவளுடைய நாலு அடியை மறக்கவில்லை.

தேவாரத்தில் போய்ச் சேர்ந்த பள்ளிக்கூடத்திலும் ஒன்றாம் வகுப்புத்தான் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் என் பெயர் அங்கே போயிருந்தது. பாட்டு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நான் பாடத் தொடங்கினால் ஜன்னல் பக்கம் யாராவது வந்து நிற்பார்கள். நான் பாட்டை விடவில்லை. பூசணிக்காய்க்குக் கட்டினேன், பம்பரத்துக்குக் கட்டினேன், கரி பஸ்ஸுக்கு ஒன்று கட்டினேன். ஒவ்வொரு அடியையும் வகுப்புக்குக் கொண்டுபோகுமுன் என் கணவரிடம் சொல்லிக் காட்டுவேன். அவர் கண்ணை மூடிக் கேட்டு, "இதுல யார் வீடும் இல்லை, போ" என்பார். பிள்ளைகள் ஒரு அடி கட்டிக்கொண்டு வந்தால், அது நன்றாக இருந்தால், "இதை யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டுவிடுவேன். கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் கேட்டுவிடுவேன். கொஞ்சநாளில் அவர்கள் நொண்டுகிற அடிகளை மட்டும் கொண்டுவரப் பழகிக்கொண்டார்கள்.

மண்டிக்காரர் அபராதம் கட்டினார். லைசென்ஸ் பறிபோய், பிறகு ஒரு மைத்துனர் பெயரில் திரும்ப வந்தது என்று கேள்விப்பட்டேன். பண்ணையாளின் குடும்பத்தை அவர் ஒன்றும் செய்யவில்லை. பள்ளிக்கூடமும் அதே கட்டிடத்தில் நடந்தது.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு தடவை போடி கடைத்தெருவில் மண்டிக்காரர் குடும்பத்தைப் பார்த்தேன். மகள் தாவணி போடுகிற வயதை நெருங்கியிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்து அருகே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அம்மா சற்றுத் தள்ளி வளையல் கடையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வளையல்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். புரட்டிய கை நின்றதை நான் பார்த்தேன். அவள் திரும்பவில்லை.

மண்டிக்காரர் முன்போலவே ஒல்லியாக இருந்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"டீச்சரம்மா, சௌக்கியமா? இப்ப என்ன பாட்டுக் கட்டுறீக?"

கேலியாகக் கேட்டாரா, விசாரித்தாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒன்றும் பெரிதாக இல்லை, சும்மா பிள்ளைகளுக்கு என்றேன்.

"சும்மாவா?" என்றார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டுக்கொண்டு கூட்டத்தில் நடந்தார்.